பழைய நகையை அழிக்காமல் அணியத் தக்கதாக்குவது

என் பாட்டியின் ஏழுகல் வைரத்தோடு பல ஆண்டுகள் வங்கிப் பெட்டகத்திலேயே இருந்தது. அது என் மகளுக்கு என்று முடிவாகி, வெளியே எடுத்துக் காதில் போட்டுப் பார்த்த நாளில்தான் அதன் தண்டு அவள் காதுத் துளையில் நுழையாது என்பது தெரிந்தது. பாட்டியின் தலைமுறையில் குழந்தைப் பருவத்திலேயே பொற்கொல்லரான பத்தரைக் கொண்டு காது குத்தி, துளையில் வேப்பங்குச்சி செருகிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொள்வார்கள். அதனால் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள தண்டு அவர்களுக்கு இயல்பாகப் பொருந்தியது. இன்று துப்பாக்கி போன்ற கருவியால் குத்தும் காதில் ஏறுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆணிதான். தோட்டில் குறை இல்லை, காதிலும் குறை இல்லை. இரண்டுக்கும் நடுவே இரண்டு தலைமுறை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நகையோடு கடைக்குப் போனால் முதலில் கிடைக்கும் யோசனை, அழித்துப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள் என்பதாகவே இருக்கும். அழிக்கும்போது கல்லின் எடையைக் கழிப்பார்கள், அழுக்கையும் அரக்கையும் கழிப்பார்கள், மீதியைப் பொன்னாக மட்டும் கணக்கிடுவார்கள். கையால் செய்த வேலைக்கு ஒரு பைசா மதிப்பும் வராது. புதிய நகைக்குச் சேதாரமும் கூலியும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் பழைய நகை உறுத்துவதற்கும் இறுக்குவதற்கும் இழுப்பதற்கும் காரணம் பெரும்பாலும் அதன் ஏதாவது ஒரு சிறிய பகுதிதான்: தண்டு, திருகாணி, கொக்கி, பின்சங்கிலி, வளையலின் சுற்றளவு. அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். உடம்பைத் தொடும் இடத்தை மாற்றுங்கள், கண்ணுக்குத் தெரியும் முகத்தைத் தொடாதீர்கள். செய்த மாற்றத்தைப் பின்னால் ஒருவர் திருப்பிச் செய்துகொள்ளவும் வழி வையுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் முறைகள் எல்லாம் இந்த விதியிலிருந்து வருபவை.

பட்டறைக்குப் போகும் முன்

முதலில் நகையை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அரைமணி நேரம் பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று கோணங்களிலும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். கற்களை எண்ணி எழுதுங்கள். ஓரம் உடைந்தவை, ஏற்கெனவே மாற்றப்பட்டவை எவை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நகையில் ஒரு கல் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தால் அது பிற்காலத்தில் வைத்த கல்லாக இருக்க வாய்ப்பு உண்டு. எடையைக் கடையின் மின்னணுத் தராசில் இரண்டு தசம இடம் வரை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, உள்ளே அரக்கு இருக்கிறதா என்று கண்டறிய வேண்டும். பழைய காப்பு, கெம்பு அட்டிகை, பாம்படம் போன்றவற்றில் மெல்லிய பொன் தகட்டை உருவமாக மடித்து, உள்ளீடாக அரக்கை நிரப்பியிருப்பார்கள். தகடு நசுங்காமல் தாங்குவதும் கல்லை இருத்திப் பிடிப்பதும் அந்த அரக்குதான். நகத்தால் தட்டிப் பார்த்தால் வெறும் பொள்ளலாக இருப்பது மெல்லக் கணீரென்று ஒலிக்கும். அரக்கு நிரம்பியது மந்தமாக ஒலிக்கும். பின்பக்கத்தில் ஊசித் துளையோ, விளிம்பில் கருஞ்சிவப்பான கசிவோ தெரிந்தால் அரக்கு இருப்பது உறுதி. பருமனுக்குப் பொருந்தாமல் எடை குறைவாக இருப்பதும் ஓர் அடையாளம்.

மூன்றாவதாக, கற்களின் பின்புறம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய தமிழ்நாட்டு வேலையில் வைரமானாலும் கெம்பானாலும் பெரும்பாலும் பின்புறத்தைத் தகட்டால் மூடியே கட்டுவார்கள். கெம்பின் அடியில் நிறத்தை எடுத்துக்காட்ட ஒரு மெல்லிய வண்ணத் தகடு இருக்கும். அந்தத் தகட்டில் நீர் புகுந்தால் அது கறுத்துவிடும். கல் உயிரிழந்ததுபோல் தெரியும். நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். அவை புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. இத்தகைய நகையைச் சோப்பு நீரிலோ பூந்திக்கொட்டை நீரிலோ ஊறவைக்கவே கூடாது. பூந்திக்கொட்டை நுரையை மென்மையான தூரிகையில் தொட்டு உலோகத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நகையைச் சுத்தம் செய்ய நகைக்கடைகளில் வைத்திருக்கும் அதிர்வுத் தொட்டியில் இதைப் போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். முத்து, பவளம், மரகதம் உள்ள நகைக்கும் அந்தத் தொட்டி ஆகாது.

பொன்னின் தரத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய நகையில், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் ஆறு இடங்கள் கொண்ட இன்றைய ஹால்மார்க் குறியீடு இருக்காது. விற்பனைக்கு ஹால்மார்க் கட்டாயமானதே 2021இல்தான். அதனால் தரத்தை ஊகிக்காமல் ஹால்மார்க் மையத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. எல்லாப் பழைய நகையும் 22 காரட் என்று நினைப்பது தவறு. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்வதையே சில ஆண்டுகள் தடுத்திருந்தன; அந்தக் காலத்தில் எத்தனையோ பத்தர் குடும்பங்கள் தொழிலை இழந்தன. தரம் தெரிந்தால்தான் புதிதாகச் சேர்க்கும் பகுதியின் நிறம் பழையதோடு பொருந்தும். செம்பு கூடுதலாகச் சேர்ந்த பழைய பொன் சற்றுச் சிவந்திருக்கும். வெள்ளி கூடிய பொன் வெளிர்மஞ்சளாக இருக்கும். சேர்க்கப் போகும் துண்டில் செம்பைக் கூட்டிக் கலக்கச் சொன்னால் ஒட்டு தெரியாது.

தீ படக் கூடாத இடங்கள்

என் சித்தியின் கெம்பு அட்டிகையில் கொக்கி அறுந்தது. ஐந்து நிமிட வேலை என்று ஒரு பட்டறையில் வாங்கி, கொக்கியின் வளையத்தில் வெண்காரம் தடவி, பற்றாசு எனப்படும் இணைப்பு உலோகத்தை வைத்துத் தீயை ஊதினார்கள். வளையம் ஒட்டிக்கொண்டது. ஆனால் சூடு பக்கத்துத் துண்டுக்குப் பரவி, உள்ளே இருந்த அரக்கு பொங்கித் தகட்டின் இணைப்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கடைசி இரண்டு கெம்புகளும் கரிய மேகம் படர்ந்ததுபோல் மங்கிப்போயின. அடியில் இருந்த தகடு கருகிவிட்டது. கல்லைக் கழற்றிப் புதுத் தகடு வைத்துக் கட்டலாம் என்றார்கள். ஆனால் கழற்றும்போது கல்லைச் சுற்றியிருக்கும் பழைய பொன் விளிம்பு கிழியும் என்பதால் சித்தி அதை அப்படியே விட்டுவிட்டார். இன்றும் அந்த அட்டிகையின் ஒரு முனை மட்டும் இருண்டே இருக்கிறது.

நடந்ததன் காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் நகையைக் காப்பாற்றலாம். அரக்கு 80 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே இளகத் தொடங்கும். பொன்னைப் பற்றவைக்க எழுநூறு டிகிரிக்கு மேல் வேண்டும். பொன்னோ சூட்டை வெகுவேகமாகக் கடத்தும். முத்தும் பவளமும் அந்தச் சூட்டில் நிறம் மாறி வெடித்துவிடும். மரகதத்தின் உள்விரிசல்களில் ஏற்றியிருக்கும் எண்ணெய் வற்றி, விரிசல்கள் வெள்ளையாகத் தெரியும். மாணிக்கம் சூட்டைத் தாங்கும் என்றாலும் அதன்மேல் வெண்காரம் பட்டு உருகினால் மேல்மெருகை அரித்துவிடும். ஆகவே பத்தரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைத் தீயில்லாமல் செய்ய முடியுமா என்பதுதான்.

பெரும்பாலும் முடியும். கொக்கி, வளையம், திருகு போன்றவற்றைப் பற்றவைக்காமலே மாட்டும் வழிகள் இருக்கின்றன. பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் லேசர் கருவி உள்ள பட்டறையைத் தேடுங்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களில் நகை வேலை நடக்கும் வீதிகளில் விசாரித்தால் கிடைக்கும். லேசர் ஒரு புள்ளியில் மட்டும் கண்ணிமைக்கும் நேரம் சூடேற்றுவதால் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் கல்லுக்குச் சூடு போய்ச் சேராது. அதே தரமுள்ள பொன் கம்பியையே நிரப்பியாகப் பயன்படுத்தலாம் என்பதால் தரமும் குறையாது. ஒரு காலத்தில் கேடிஎம் என்று பெயர் போட்டு விற்ற நகைகளின் இணைப்புகளில் காட்மியம் இருக்கும். அதை மறுபடி சூடேற்றினால் எழும் புகை ஊதுபவரின் நுரையீரலுக்குக் கேடு என்பதால், அப்படி ஓர் இணைப்பு இருப்பது தெரிந்தால் பத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காது

காதணிகளைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் துன்பமும் இங்கேதான் மிகுதி.

பழைய தோட்டின் அமைப்பு இது: தோட்டின் பின்னால் உட்புறம் மரை, அதாவது திருகு வரி, வெட்டிய ஒரு குழல் இருக்கும்; காதுத் துளையில் நுழையும் தண்டான அதைச் சுரை என்பார்கள். திருகாணி அந்தச் சுரைக்குள் திருகிச் செல்லும். திருகாணியைத் தன்னுள் ஏற்க வேண்டியிருப்பதாலேயே சுரை தடிமனாக இருக்கிறது. இன்று பரவலாக இருக்கும் பாம்பே திருகாணியில் இது தலைகீழ்: மெல்லிய தண்டின் வெளிப்புறத்தில் மரை இருக்கும், பின்னாலிருந்து ஒரு சிறு மூடி அதன்மேல் திருகி உட்காரும். ஆகவே மெல்லிய துளை உள்ள காதுக்குப் பழைய தோட்டைப் பொருத்துவது என்பது சுரையை எடுத்துவிட்டு பாம்பே தண்டை வைப்பதுதான்.

இதைச் செய்யும் முறையில்தான் நகையின் விதி இருக்கிறது. சுரையை அடியோடு பெயர்க்க வேண்டுமானால் வைரங்களின் பின் தகட்டைச் சூடாக்க வேண்டும், வேண்டவே வேண்டாம். என் மகளின் தோட்டுக்கு வயது முதிர்ந்த ஒரு பத்தர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் தோட்டின் முகத்தை மெல்லிய தோலில் பொதிந்து, கட்டைப் பிடியில் இறுக்கமில்லாமல் பொருத்தினார். பின் தகட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விட்டு, நூல் போன்ற ரம்பத்தால் சுரையை அறுத்தார். ஒவ்வொரு நாலைந்து இழுப்புக்கும் நிறுத்தி, விரலால் தொட்டுச் சூடேறுகிறதா என்று பார்த்துக்கொண்டார். மிச்சமிருந்த அந்த இரண்டு மில்லிமீட்டர் குட்டைச் சுரைக்குள் பழைய மரை அப்படியே இருந்தது. அந்த மரைக்கு ஏற்ற அடிப்பகுதியும் அதற்கு மேல் மெல்லிதாகச் செல்லும் தண்டும் உள்ள ஒரு துண்டைத் தனியாகக் கடைந்து, குட்டைச் சுரைக்குள் திருகி நிறுத்தினார். பின்னர் லேசரில் இரண்டே புள்ளிகள் வைத்து அது கழலாமல் செய்தார்கள். கல்லுக்குச் சூடு போகவில்லை. நாளை யாருக்காவது பழைய சுரை வேண்டுமென்றால் அந்த இரண்டு புள்ளிகளை அராவினால் போதும். தண்டு கழன்று வரும், அறுத்தெடுத்த குழலை மறுபடி இணைத்துக்கொள்ளலாம். தோடு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அவர் வாங்கிய கூலி அந்தக் கவனத்துக்குச் சிறிதும் ஈடாகாது.

மெல்லிய தண்டை எந்தத் தரத்தில் செய்வது என்பதில் என் கருத்து 18 காரட்தான். 22 காரட் பொன் மென்மையானது. அவ்வளவு மெல்லிய தண்டு வளைந்துவிடும், மரையும் விரைவில் தேய்ந்துவிடும். தரம் குறைகிறதே என்று தயங்க வேண்டாம். தண்டின் எடை மொத்தத்தில் மிகச் சிறியது, அதுவும் கழற்றக்கூடிய பகுதி. ரசீதில் தண்டு 18 காரட் என்று தனியாக எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

தண்டை மாற்ற வேண்டிய தேவை இல்லாமல் பழைய சுரையையே பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையால் மரை வெட்டிய காலத்தில் ஒவ்வொரு திருகாணியும் அதனதன் சுரைக்கென்றே செய்யப்பட்டது. வலது காதின் திருகாணியை இடது காதில் போட்டு இறுக்கினால் இரண்டு மரையும் கெடும். திருகாணியின் தலையில் ஒரு சிறு புள்ளி குத்தி வலதை அடையாளப்படுத்திக்கொள்ளுங்கள். சுரைக்குள் சேரும் எண்ணெயையும் அழுக்கையும் மாதம் ஒருமுறை பருத்தி நூலை உள்ளே விட்டு இழுத்து எடுத்தால் திருகு இறுகாது, காதும் புண்ணாகாது.

அடுத்தது எடை. இரண்டு பவுனில் தோடும் ஜிமிக்கியும் இருந்தால் ஒவ்வொரு காதும் எட்டு கிராமைத் தாங்குகிறது. அந்த எடை முழுவதும் துளையின் கீழ் விளிம்பில் ஒரு கோடாக அழுந்துவதால்தான் துளை நீள்கிறது. இதற்கு நம் முன்னோர் கண்ட வழி மாட்டல். தோட்டின் பின்னாலிருந்து காதின் மேல் வழியாகச் சென்று கூந்தலில் மாட்டும் அந்தச் சங்கிலி, எடையில் ஒரு பங்கைக் காதிலிருந்து எடுத்துத் தலைமுடிக்குக் கொடுக்கிறது. அலங்காரம் என்று நாம் நினைக்கும் இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை இன்றுவரை நான் பார்த்ததில்லை. மாட்டலின் நீளம் சரியாக இருக்க வேண்டும்: தொய்ந்தால் பயனில்லை, இறுகினால் காது மேல்நோக்கி இழுபடும். கண்ணாடி முன் நின்று, மாட்டலை மாட்டிய பின் துளை தன் இயல்பான வட்ட வடிவில் தெரிகிறதா என்று பார்த்தால் நீளம் தெரிந்துவிடும். கூடுதலாக இரண்டு வளையங்கள் வைத்துக்கொண்டால் முடி கட்டும் விதத்துக்கு ஏற்ப மாற்றி மாட்டலாம்.

மாட்டல் போட விரும்பாதவர்கள் காதுக்கும் திருகாணிக்கும் நடுவே எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தகட்டைச் செருகிக்கொள்ளலாம். அது தோடு முன்பக்கம் கவிழ்ந்து தொங்குவதைத் தடுக்கும், எடையையும் பரப்பும். ஜிமிக்கி தோட்டோடு நிலையாக ஒட்டியிருந்தால் அதை ஒரு கொக்கியில் தொங்கவிடும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அன்றாடம் தோடு மட்டும், விசேஷ நாட்களில் ஜிமிக்கியும் சேர்த்து என்று அணிய முடிவதே காதுக்குப் பெரிய ஓய்வு. துளை ஏற்கெனவே நீண்டு கிழியும் நிலையில் இருந்தால் நகையை மாற்றிப் பயனில்லை. மருத்துவரிடம் சென்று தையலிட்டு, நன்றாக ஆறிய பிறகு அவர் காட்டும் இடத்தில் புதிதாகக் குத்திக்கொள்வதே வழி.

காது அரித்தால் பொன்னைக் குறை சொல்லும் முன் திருகாணியைப் பாருங்கள். இடையில் எப்போதோ தொலைந்த திருகாணிக்குப் பதிலாக ஜெர்மன் சில்வரில் செய்து முலாம் பூசிய ஒன்று வந்திருக்கலாம். அதில் வெள்ளியே கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். முலாம் தேய்ந்து நிக்கல் தோலில் பட்டால் பலருக்கு ஒவ்வாமை வரும். திருகாணியை மட்டும் பொன்னில் செய்து மாற்றினால் அரிப்பு நின்றுவிடும்.

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி பக்கத்துக் குடும்பங்களில் பாம்படமும் தண்டட்டியும் இன்னும் இருக்கின்றன. துளையைப் பெரிதாக நீட்டி வளர்த்த காதில் மட்டுமே அணியக்கூடியவை அவை. இன்று அணிய வழியில்லை என்று அழித்துவிடுபவர்களே அதிகம். தயவுசெய்து அழிக்காதீர்கள். தண்டட்டியின் வளைவுக்குள் ஒரு பட்டுக்கயிற்றையோ சங்கிலியையோ நுழைத்துப் பதக்கமாக அணியலாம். ஒரு துளையும் போட வேண்டாம், ஒரு பற்றும் வைக்க வேண்டாம். உள்ளே அரக்கு இருப்பதால் கயிறு உராயும் இடத்தில் மட்டும் மெல்லிய பட்டுநூலைச் சுற்றிவிட்டால் தகடு தேயாது.

மூக்குத்திக்கும் இதே தண்டுப் பிரச்சினைதான், இதே தீர்வுதான். எட்டுக்கல் பேசரி கனமாக இருந்தால் உட்புறத் திருகாணியின் தலையைச் சற்று அகலமாகவும் தட்டையாகவும் செய்யச் சொல்லுங்கள். மூக்கின் உட்சுவரில் குத்தாது.

கழுத்து

அட்டிகை கழுத்தை இறுக்குகிறது என்றால் முன்பக்கத் துண்டுகளைத் தொடாமல் பின்பக்கத்தில் நீட்டிப்பு கொடுங்கள். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் வரை, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வளையம் உள்ள பின்சங்கிலி போதும். அதன் இரு முனையிலும் கொக்கி இருந்தால் பழைய வளையத்தில் அப்படியே மாட்டலாம், பற்றவைப்பே தேவையில்லை. பழைய அட்டிகைகள் பலவற்றில் பின்னால் சங்கிலியே இல்லாமல் இரு முனைகளிலும் கயிறு கட்டும் வளையம் மட்டும் இருக்கும். அதற்குப் பட்டுக்கயிறுதான் பொருத்தம்: எந்தக் கழுத்துக்கும் அளவு மாற்றிக் கட்டலாம், வியர்வையில் உறுத்தாது, பழசானால் புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.

நீண்ட ஆரமும் காசுமாலையும் வேறு விதமாகத் துன்புறுத்தும். பின்கழுத்தில் மெல்லிய சங்கிலி கோடு போட்டு அழுத்தும். எடையைக் குறைக்க முடியாது என்றாலும் அது அழுந்தும் பரப்பைக் கூட்டலாம்: பின்கழுத்தில் படும் இடத்தை மட்டும் அகலமான தட்டைச் சங்கிலியாகவோ, பட்டு சுற்றிய பருத்த கயிறாகவோ மாற்றுங்கள். பின்னால் ஒரு சிறு குஞ்சம் தொங்கவிட்டால் அதன் எடை முன்பக்கத்தின் இழுப்புக்கு எதிராக நின்று, மாலை முன்னோக்கிச் சரிவதையும் கொஞ்சம் தடுக்கும்.

காசுமாலையில் ஒவ்வொரு காசையும் பிடித்திருக்கும் வளையங்களைச் சோதிப்பது அவசியம். பல பத்தாண்டுகள் உராய்ந்து சில வளையங்கள் பாதித் தடிமனுக்குத் தேய்ந்திருக்கும். தேய்ந்த விளிம்பு கத்திபோல் கூராகி ரவிக்கையைக் கிழிப்பதும் கழுத்தைக் கீறுவதும் அதனால்தான். தேய்ந்தவற்றை மட்டும் அதே தரப் பொன்னில் மாற்றுங்கள். காசுகள் உண்மையான பிரிட்டிஷ் சவரன்களாக இருந்தால் அவற்றில் புதிதாக எதையும் பற்றவைக்க விடாதீர்கள். நாணயத்தின் மதிப்பே போய்விடும். கூரான விளிம்புகளை அராவுவதானால் வெள்ளைத் தாளின்மேல் வைத்து அராவச் சொல்லி, உதிர்ந்த பொடியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அராவ மனமில்லை என்றால் பின்பக்கத்துக்கு ஒரு மென்பட்டு உள்துணி தைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அதில் பொன் சிறிதும் குறைவதில்லை.

கையும் இடுப்பும்

வளையலில் அளவுக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு நாலு என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். இரண்டு ஆறு என்றால் 60. இரண்டு எட்டு என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். உங்கள் அளவை அறிய, கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கி, விரல் முட்டிகளின் மிக அகலமான இடத்தைச் சுற்றி நாடாவால் அளந்து 3.14ஆல் வகுங்கள். 19 சென்டிமீட்டர் வந்தால் இரண்டு ஆறு; 20 வந்தால் இரண்டு எட்டு. மாலை நேரத்தில், கை சற்று வீங்கியிருக்கும்போது அளப்பதே சரி. மோதிரத்துக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டு நாலு வளையலை இரண்டு ஆறாக்க வேண்டுமென்றால் சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். ஒன்றரைப் பவுன் கெட்டி வளையலானால் அதற்கு முக்கால் கிராமுக்கும் குறைவான பொன்னே போதும். வேலைப்பாடு இல்லாத வளையலில் இப்படி வெட்டிச் சேர்ப்பது எளிது. ஆனால் சுற்றிலும் பூவேலையோ கல்வேலையோ உள்ள வளையலில் புதுத் துண்டு தனியாகத் தெரியும். அதற்கு நான் பரிந்துரைப்பது கீலும் திருகும் வைப்பது. வளையல் மணிக்கட்டுக்கு ஒருபோதும் சிறியதாக இருப்பதில்லை. முட்டியைத் தாண்டுவதுதான் சிக்கல். ஓரிடத்தில் கீல், எதிர்ப்புறத்தில் திருகு என்று வைத்துத் திறந்து மூடும்படி செய்துவிட்டால், பாட்டியின் அளவிலேயே பேத்தி அணியலாம். சோப்புப் போட்டு இழுத்துத் தோலை உரித்துக்கொள்ளும் வேதனையும் இல்லை. அரக்குக் காப்பில் இந்த வேலை எல்லாப் பட்டறையிலும் ஆகாது. அரக்கை முழுவதும் வெளியேற்றி, வேலை முடிந்தபின் மறுபடி நிரப்பத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

மோதிரம் முட்டியில் இறுகி, முட்டியைத் தாண்டினால் அடியில் தளர்ந்து சுற்றுகிறது என்றால் அதைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம். முட்டிக்குப் பொருந்தும் அளவில் வைத்துக்கொண்டு, உட்புறத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு சிறு பொன் குண்டுகளை வைத்தால் போதும். நவரத்தின மோதிரத்தில் முத்தும் பவளமும் இருப்பதால் தீயைக் கிட்டே கொண்டுவரக் கூடாது, லேசர் மட்டுமே. தற்காலிகமாக என்றால் நூல் சுற்றும் பழைய வழக்கமே நல்லது. வாரம் ஒருமுறை நூலை மாற்றுங்கள்.

மேற்கையில் அணியும் வங்கி என்ற நகை இறுக்கினால் உட்புறம் திறந்த முனைகளுக்கு நடுவே ஒரு சங்கிலியோ பட்டுக்கயிறோ கொடுங்கள். ஒட்டியாணத்துக்கும் பின்பக்கம் மட்டுமே நீட்டிப்பு; முன்பதக்கத்தின் இரு புறமும் சம அளவில் நீட்டாவிட்டால் பதக்கம் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். உட்கார்ந்த நிலையில் இடுப்பை அளந்து கொடுங்கள், நின்ற நிலையில் அல்ல.

வேலை கொடுக்கும்போது

ஒரே நாளில், உங்கள் கண்முன்னே செய்து தருபவரைத் தேடுங்கள். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் சூடு படும், எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்பதைப் படத்தின்மேல் கோடிட்டுக் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, சேர்த்த பொன்னுக்கும் எடுத்த பொன்னுக்கும் கணக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கற்களை மறுபடி எண்ணுங்கள். முடிந்ததும் மெருகு போட்டுத் தரட்டுமா என்று கேட்பார்கள்; வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு மெருகும் மேல்பரப்பில் கொஞ்சம் பொன்னை எடுத்துவிடும். செதுக்கு வேலையின் பள்ளங்களில் படிந்த அந்தக் கருமைதான் பூவிதழ்களை எடுத்துக்காட்டுகிறது. அது போனால் நகை நேற்றுச் செய்ததுபோல் தட்டையாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அரைமணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என அணிந்து பாருங்கள். குனிந்து, தலை சீவி, கையைத் தூக்கி எல்லா அசைவும் செய்து பாருங்கள். எங்காவது உறுத்தினால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த வாரத்திலேயே பட்டறைக்குத் திரும்பிச் சென்று சரிசெய்துகொள்ளுங்கள்.

எடுத்த பகுதிகளை, அது அரைக் கிராம் சுரையானாலும், பொன் விலைக்குக் கூலியில் கழித்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள். என் மகளின் தோட்டுப் பெட்டியில் ஒரு சிறு பட்டுப்பை இருக்கிறது. அறுத்தெடுத்த இரண்டு சுரைகளும், வலதுக்குப் புள்ளி வைத்த பழைய திருகாணிகள் இரண்டும், எந்த மாதத்தில் எந்த இடத்தில் வெட்டி எந்தத் தரத்தில் புதுத் தண்டு வைத்தோம் என்று அவளே எழுதிய ஒரு சீட்டும் அதற்குள் இருக்கின்றன.